கசிவைக் கையால் தேடாதீர்கள்

(தடைக்காலத்தில் குளச்சலில் நடந்த நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடக் கட்டணம், மருத்துவ உதவி, குமர் காரியம் என்று பேசியே பழகிய நாங்கள் இன்று எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது மெக்கானிக்குகள் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் ஒருவர் போட்டில் பங்கு வைத்திருப்பார், ஒருவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போவார், ஒரு தம்பி பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பார், இன்னொரு மருமகன் வளைகுடாவில் விசைப்படகில் வேலை பார்ப்பார். எஞ்சினோடு ஒட்டும் உறவும் இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. விபத்துக்குப் பிறகு வந்து நிற்கும் உதவி மனுவை வாசிப்பதைவிட, முன்னாலேயே அரை மணி நேரம் பேசுவது நல்லது என்று தோன்றியது.

நேரமும் பொருத்தமானது. நம் மாவட்டம் ஒன்றுதான், தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். இப்போது விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. பெயிண்ட் அடிக்கிறோம், வலை கட்டுகிறோம், எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம். கசிவு பார்ப்பதை மட்டும் பெரும்பாலோர் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கடைசி நாளில் பார்த்தால் அவசரம் வரும். கசிவு பார்க்கிற இடத்தில் கை வெந்து போவதும் தீப்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம் மூத்தவர்கள் கட்டுமரத்தில் போனார்கள். கட்டுமரத்துக்கு வயிறு கிடையாது. தண்ணீர் மேலே வந்தாலும் இடுக்கு வழியாக ஓடிவிடும். பின்னால் கட்டுமரத்தில் எஞ்சின் மாட்டியபோதும் சிந்திய எண்ணெய் கடலுக்குப் போனது, ஆவி காற்றோடு போனது. 1980களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டும் பட்டறை வந்தது, பிறகு ஃபைபர் வந்தது. வள்ளம் பெரிதாயிற்று, மேலே பலகை போட்டு மூடினார்கள், எண்ணெய் டேங்க் அந்த மூடிக்குள் போனது. இப்போது வள்ளத்துக்கு வயிறு உண்டு. விசைப்படகுக்கோ பெரிய வயிறு. சிந்துவது எதுவானாலும் அங்கேதான் தங்குகிறது. கசிவு ஆபத்தாவதற்கு முதல் காரணம் இதுதான். சொட்டுவதைவிடச் சொட்டியது போக வழியில்லாமல் நிற்பதுதான் பெரிய பிரச்சினை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி இறங்கி, பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சமையல் கேஸும் இப்படித்தான், கீழே இறங்குகிற சாதி. மண்ணெண்ணெய் ஓட்டத்தில் ஓடுகிற நம் வள்ளங்களிலும் எஞ்சினை எடுப்பதற்கும் நிறுத்துவதற்கு முன்னும் பெட்ரோல்தான். ஆகவே ‘நமக்கு மண்ணெண்ணெய், பயமில்லை’ என்று சொல்ல முடியாது. அந்தச் சிறிய பெட்ரோல் கேன்தான் வள்ளத்திலேயே ஆபத்தான பொருள்.

அமெரிக்காவில், எஞ்சின் உள்ளே வைத்த பெட்ரோல் படகுகளில் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்: எஞ்சினை எடுப்பதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் காற்று விசிறியை ஓட்டு, பிறகு எஞ்சின் அறையில் ஆவி இருக்கிறதா என்று பார். நம்மிடம் அந்த விசிறி இருக்காது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு நாலு நிமிடம் நிற்க எல்லோராலும் முடியும். திறந்த உடனே குனிந்து முகர்ந்து பாருங்கள். மூக்கைவிட நல்ல கருவி நம் வள்ளத்தில் வேறில்லை. ஆனால் அந்த மூக்குக்கு ஒரு குறை உண்டு: பத்து நிமிடம் அந்த வாடையிலேயே நின்றால் அது பழகிப்போகும். அதனால் கரையிலிருந்து அப்போதுதான் ஏறியவரை முகரச் சொல்லுங்கள். நாள் முழுக்க உள்ளே கிடந்தவர் ‘ஒண்ணும் இல்ல காக்கா’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் மூக்குதான் சொல்கிறது.

வாடை வந்தால் என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். பீடி, தீப்பெட்டி பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுவிட்சைப் போடாதீர்கள், இருக்கிற சுவிட்சை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. பேட்டரி வயரை அந்த நேரத்தில் கழற்றாதீர்கள், கழற்றும்போதும் பொறி பறக்கும். எண்ணெய்த் திருகை அடையுங்கள், எல்லா மூடியையும் திறந்துவிடுங்கள், ஆட்களை இறக்குங்கள். வாடை முழுக்கப் போன பிறகுதான் தேடல். டார்ச் வேண்டுமென்றால் வெளியிலேயே எரியவைத்துக்கொண்டு உள்ளே இறக்குங்கள்.

இனி வள்ளத்து எஞ்சின். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஓஸின் நடுவே கையால் அமுக்குகிற ரப்பர் பந்து இருக்கிறதே, அதுவே ஒரு சோதனைக் கருவி. கரையில், காற்றோட்டமான இடத்தில், எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது, அந்தப் பந்து கல் மாதிரி ஆகும்வரை அமுக்குங்கள். பிறகு விட்டுவிட்டு ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். மறுபடி தொட்டுப் பார்த்தால் கெட்டியாகவே இருக்க வேண்டும். தளர்ந்து போயிருந்தால் எண்ணெய் எங்கோ வெளியேறுகிறது. டேங்கில் செருகும் கனெக்டரின் வளையம், பந்தின் இரு முனை, ஓஸ் வளைகிற இடம், கார்புரேட்டரின் அடி, இந்த வரிசையில் பாருங்கள். கார்புரேட்டரில் மிதவை ஒட்டிக்கொண்டாலும் வழியும். அப்போது ஓஸை மாற்றிப் பயனில்லை. ஓஸை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் முடிபோல வெடிப்புத் தெரிந்தால் அது சொட்டாவிட்டாலும் மாற்ற வேண்டிய ஓஸ்தான். வெயிலும் உப்பும் ரப்பருக்கு எதிரி. நம் கரையில் இரண்டும் தாராளம்.

கியர் ஆயில் பற்றி ஒரு வரி: கீழ்த் திருகைக் கழற்றும்போது ஆயில் பால்போல வெளுத்து வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, சீல் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்து விசைப்படகு. இங்கேதான் எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டீசல் பெட்ரோல் போலச் சட்டென்று பிடிக்காது என்பது உண்மை. வாளியில் இருக்கிற டீசலில் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் அணைந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் எஞ்சின் அறையில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற மெல்லிய இரும்புக் குழாயில் மயிரிழை வெடிப்பு வந்தால் அதிலிருந்து டீசல் சொட்டாது, பனிபோலச் சீறும். அந்தப் பனி சூடான சைலன்சர் குழாயில் பட்டால் பொறியே தேவையில்லை, தானாகவே பிடிக்கும். பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியில், 220 டிகிரிக்கு மேல் சூடாகி எண்ணெய் படக்கூடிய எந்தப் பரப்பையும் மூடிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. அங்கே அந்த உயர் அழுத்தக் குழாய்க்கு மேலேயே இன்னொரு குழாய் போர்த்தியிருக்கும். நம் போட்டுகளில் அந்தப் போர்வை கிடையாது. சைலன்சர் குழாயில் சுற்றிய கல்நார் கயிறாவது கிழியாமல் இருக்கிறதா என்று இந்தத் தடைக்காலத்தில் பாருங்கள்.

அந்த இரும்புக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று நம் பையன்கள் பார்க்கும் முறையைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. எஞ்சின் ஓடும்போதே விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பழைய பம்பிலேயே அந்தக் குழாயில் நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தம் இருக்கும். புதிய காமன்ரெயில் எஞ்சினில் ஆயிரத்தைத் தாண்டும். தோலைத் துளைக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். ஊசி குத்தினது போல ஒரு புள்ளி தெரியும், ரத்தம்கூட வராது, வலியும் அப்போது பெரிதாக இருக்காது. டீசல் உள்ளே போய்ச் சதையை அரிக்கத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். ஆகவே அப்படி ஒரு புள்ளி பட்டால், மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நாளை பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. பிதுக்கவும் கூடாது. உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். போனதும் ‘ஊசி குத்தியது’ என்று சொல்லாமல், ‘அழுத்தத்தில் டீசல் உள்ளே போனது’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். இதை உம்மாமாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ‘சின்னக் காயம்’ என்று சொல்கிற பிள்ளையிடம் எப்படிப் பட்டது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் எப்படித்தான் தேடுவது? எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். முதலில் எஞ்சினையும் குழாய்களையும் அதன் அடியையும் துடைத்துக் காய வையுங்கள். அழுக்கு எஞ்சினில் கசிவு தேடுவது சேற்றில் தண்ணீர் தேடுவது போல. துடைத்த பிறகு இணைப்புகளின் மேல் முகப் பவுடரைத் தூவுங்கள். சிரிக்காதீர்கள், பட்டறைக்காரர்கள் செய்கிற வேலைதான். அடியில் வெள்ளைத்தாளோ அட்டையோ விரித்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, அப்புறம் போய்ப் பாருங்கள். ஈரம்பட்ட இடத்தில் பவுடர் கறுத்திருக்கும், தாளில் சொட்டு விழுந்திருக்கும். சொட்டின் நிறமே பாதி பதில் சொல்லும்: டீசல் மெல்லிதாகப் பரவும், எஞ்சின் ஆயில் கறுப்பாகத் திரளும், குளிர்விப்பு நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், கடல்நீர் காய்ந்தால் உப்புப் பூக்கும்.

ஓடும்போதே பார்த்தாக வேண்டிய நிலை வந்தால், நீளமான அட்டையைக் குழாயின் பக்கத்தில் கொண்டுபோங்கள். பனி அடித்தால் அட்டை நனையும். முகத்தையும் கையையும் விலக்கி வையுங்கள், கண்ணாடி போடுங்கள். எஞ்சினை நிறுத்துகிற லீவரின் அருகே இன்னொருவர் நிற்க வேண்டும். தனி ஆளாக எஞ்சின் அறையில் இறங்கிக் கசிவு தேடுவதை விட்டுவிடுங்கள். கைலி, தோளில் தொங்கும் துண்டு, நீளக் கைச்சட்டை இதெல்லாம் பெல்ட்டில் மாட்டும். கசிகிற நட்டைக் கண்டுபிடித்தவுடன் ஓடும்போதே முறுக்குவதும் கூடாது. நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே ஸ்பேனர்.

வெளியே சொட்டாத ஒரு கசிவும் உண்டு. டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயில் பம்ப் எண்ணெயை இழுக்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் இருமும், நின்றுவிடும், ஏர் எடுத்துவிட்டு எடுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். ‘டீசல் சரியில்லை’ என்று பங்க்காரரைத் திட்டுகிறோம். கரையில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்துப் போட்டுகள் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிறவர்களுக்கு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டம் முழுக்கப் பார்த்தது. புயலில் நிற்கிற எஞ்சின் எதனால் நின்றது என்று தேட நேரம் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆறவிட்டுத் திற என்று சொல்வதோடு அதை விடுகிறோம். கடல்நீர் ஓஸை அதிகம் பேர் நினைப்பதில்லை. ஒன்றரை அங்குல ஓஸ், தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே கழன்றுகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் உள்ளே வரும். குடத்தில் சொன்னால் நிமிடத்துக்குப் பத்துக் குடம். ஒருவர் வாளியால் இறைத்து அதைத் தோற்கடிக்க முடியாது. ஆகவே தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு ஓஸ் முனைக்கும் இரண்டு கிளிப் போடுங்கள், துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப். கடல்நீர் வால்வு துருவால் இறுகிப்போகாமல், ஒரு கை முறுக்கில் அடைகிறதா என்று திருகிப் பாருங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று போட்டில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும், டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், சொட்டுவதெல்லாம் கெட்டதல்ல. விசிறித் தண்டு வெளியே போகிற இடத்தில் கயிறு அடைத்த கிளாண்ட் இருந்தால், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு வரத்தான் வேண்டும். அதுதான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டே வரக் கூடாது என்று ஆவேசமாக முறுக்கினால் தண்டு சூடாகித் தேயும். கட்டிவைத்த போட்டில் சொட்டு நிற்க வேண்டும், அல்லது மிகக் குறைய வேண்டும். ஓட்டமாக வந்தால்தான் கயிறு மாற்ற வேண்டும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத கசிவு சைலன்சர் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சின் அறைக்குப் பக்கத்திலேயே அடைத்துப் படுக்கிற போட்டுகளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். கடல் வாந்தி என்று நினைத்துப் படுக்கப் போவார்கள். பழகிய ஆளுக்குத் திடீரென்று வாந்தி, அதுவும் உள்ளே படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால், அவர்களை முதலில் வெளியே காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் சைலன்சர் இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது, கேஸ்கெட் போயிற்று. சூட்டில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கரியே காட்டிக்கொடுக்கும்.

சமையல் கேஸுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், தீக்குச்சி வேண்டாம். சிலிண்டரைப் போட்டின் வயிற்றுக்குள் வைக்காதீர்கள். மேல்தளத்தில், காற்றுப் படுகிற இடத்தில் கட்டுங்கள்.

இப்போது கடலுக்குப் போகாத நம் வீட்டாருக்கு. துணி துவைக்கிற கை ஒரு செய்தியைப் பிடிக்கும். எப்போதும் மீன்வாடை அடிக்கிற கைலியில் இந்த வாரம் எண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால், ‘வாப்பா, வள்ளத்துல எண்ணெய் எங்கயோ ஒழுகுதா?’ என்று கேளுங்கள். எண்ணெய் நனைந்த துணியை அடுப்பருகே காயப் போடாதீர்கள். மண்ணெண்ணெய்க் கேனையும் பெட்ரோல் கேனையும் சமையலறையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள். கேனில் எண்ணெய் ஊற்றும்போது வள்ளத்தின் மேல் வைத்து ஊற்றாமல், இறக்கி மணலில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

பங்கு வைத்திருக்கிறவர்களுக்குக் கணக்கே கண். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர். எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கிறோம். ஆகவே ஒழுகுவது உரிமையாளரின் காசு மட்டுமல்ல, வலை இழுக்கிற பையனின் காசும்தான். ஒரே தூரத்துக்கு டீசல் கூடுதலாகக் குடித்தால் டிரைவரைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயைச் சந்தேகியுங்கள். பல சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீ என்று வந்தால் அது ஒரு போட்டோடு நிற்பதில்லை. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, நெருக்கமாகக் கட்டியிருந்த ஏறத்தாழ 40 படகுகளைத் தின்றது. படகுகளில் இருந்த டீசலும் கேஸ் சிலிண்டர்களும் தீயை வளர்த்தன. நம் துறைமுகங்களில் தடைக்காலத்தில் எப்படிக் கட்டி வைக்கிறோம் என்று நீங்களே பாருங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும். தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் வேண்டும், அதன் முள் பச்சையில் நிற்க வேண்டும். அதை எஞ்சின் அறைக்குள் வைக்காமல் வாசலில் வையுங்கள். தீ உள்ளே, சிலிண்டரும் உள்ளே என்றால் யார் போய் எடுப்பது?

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பட்டறைகளில் கழித்துப் போட்ட ஓஸ்களும், துருவேறிய கிளிப்களும், இரண்டு பம்ப் பந்துகளும் அதில் இருக்கின்றன. பந்துகளில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. ஓஸை மடித்துப் பாருங்கள், பந்தை அமுக்கிப் பாருங்கள். தாய்மார்களும் வந்து பார்க்கலாம், தனி வரிசை இருக்கிறது. தங்கள் போட்டுக்குப் பவுடர் சிலிண்டர் இல்லாதவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் 1-க்கு முன், இன்ஷா அல்லாஹ், எல்லோருக்கும் சேர்த்து ஒரே விலையில் வாங்க ஏற்பாடு செய்கிறோம்.